குவாசரைக் கண்ணால் கண்டவர்

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் எனக்கு நான்கு நாளும் மூன்று வேளையும் கிடைத்தது. நடுவே இரண்டு வேளை பலகாரமும் உண்டு. அந்தப் பழமொழியை இனி நான் நம்புவதாக இல்லை.

பொய்யைச் சொன்ன இடம் மலேசியாவில் ஈப்போ. இருபது வருடத்துக்கு முன் அங்கே ஒரு பள்ளியில் பதினாறு வயதுப் பிள்ளைகள் படிக்கும் நான்காம் படிவத்துக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பாடம் சீக்கிரம் முடிந்துவிட்டது. மிச்ச நேரத்தை ஓட்ட குவாசரைப் பற்றிப் பேசினேன். எங்கோ தொலைவில் ஓர் அண்டம், அதாவது ஒரு நட்சத்திரக் கூட்டம். அதன் நடுவில் பல கோடி சூரியன்களின் எடை கொண்ட ஒரு கருந்துளை. அதற்குள் விழப்போகும் வாயு சுழன்று சுழன்று சூடேறி, அந்த அண்டத்தின் மொத்த நட்சத்திரங்களையும் தூக்கி அடிக்கிற மாதிரி ஒளிவிடும். அதுதான் குவாசர். அவற்றில் நம் கண்ணுக்கு மிகப் பிரகாசமானதன் பெயர் 3சி 273. பேருந்து எண் மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகள் சிரித்தார்கள்.

சிரிக்காதவள் மாலினி. "சார், நீங்க அதைக் கண்ணால பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள். முப்பது முகங்கள் என்னையே பார்த்தன. பார்த்திருக்கிறேன் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். நீலமாகத் தகதகவென்று எரியும் என்றும் சேர்த்துக்கொண்டேன். அதுவரை நான் பள்ளிக்கூடத்து இருகண் நோக்கியைத் தவிர எதையும் வானத்துக்குத் தூக்கியதில்லை.

மாலினி இப்போது ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் குவாசர்களை ஆராய்கிறாள். சென்ற மாதம் கடிதம் எழுதினாள். பழைய பள்ளியில் பேச அழைத்திருக்கிறார்களாம். நான் மேடைக்கு வந்து, குவாசரைப் பார்த்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமாம். அந்த ஒரு வார்த்தைதான் தன்னை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தது என்று எழுதியிருந்தாள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். சொன்ன பொய்யை வாபஸ் வாங்க முடியாது. ஆனால் தாமதமாகவாவது உண்மையாக்கிவிடலாம். மேடை ஏறுவதற்குள் ஒரு முறை பார்த்துவிட்டால் போதும்.

ஈப்போவில் அது நடக்காது. அங்கே மழை இல்லாத நாளில் மேகம், மேகம் இல்லாத நாளில் கடைத்தெரு வெளிச்சம். அப்போதுதான் செல்லத்துரை நினைவுக்கு வந்தார். எங்கள் பள்ளிக்கு எதிரே சாப்பாட்டுக் கடையில் ஆறு வருடம் மாவு வீசி ரொட்டி சானாய் போட்டவர். இப்போது கம்பத்தை அடுத்த சொந்த ஊரான சுருளிப்பட்டியில் திராட்சை போட்டிருக்கிறார். "எங்க ஊருக்கு வாங்க சார், இருட்டு அங்கன நெறைய இருக்கு" என்று முன்பு அடிக்கடி சொல்வார். போனில் அழைத்து, இருட்டு இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தேன். பங்குனி அமாவாசைக்கு வரச் சொன்னார்.

முதல் நாள். எட்டு அங்குலக் கண்ணாடி வைத்த என் தொலைநோக்கியை ஓர் உருளைப் பெட்டிக்குள் வைத்து, மதுரையில் தேனி பேருந்தில் ஏற்றினேன். நடத்துநர் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். "தவுலா? எந்தக் கோயிலுக்குண்ணே?" என்றார். விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் அவர் மூன்று சீட்டு தள்ளிப் போயிருந்தார். பக்கத்தில் இருந்தவர் என் கைப்பேசி எண்ணைக் கேட்டார். வைகாசியில் அவர் பேத்திக்குக் காதுகுத்தாம். மேளம் இன்னும் அமையவில்லையாம். நான் வாசிப்பதில்லை என்றேன். பெரிய வித்துவான்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவர் பெருமூச்சு விட்டார்.

ஆண்டிபட்டி கணவாய் தாண்டியதும் காற்று மாறியது. தேனியில் பரோட்டா தின்றேன். எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்கு அது அண்ணன் முறை ஆக வேண்டும், அண்ணனுக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். சால்னாவின் காரத்தில் என் காதுக்குள் ஏதோ திறந்துகொண்டது. பரிமாறியவர் நான் மூக்கைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினார்.

கம்பம் வண்டியில் ஏலக்காய்த் தோட்டத்துப் பெண்கள் இருந்தார்கள். தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடித்தார்கள். உத்தமபாளையத்தில் வண்டி நின்றது. பத்து நிமிடம் நிற்கும் என்று யாரோ சொன்னதை நம்பி டீ குடிக்க இறங்கினேன். டீ வந்தது, வண்டி போய்விட்டது, பெட்டியும் அதிலேயே. ஆட்டோ பிடித்துத் துரத்தினேன். வழியெல்லாம் தென்னையும் வாழையும் நெல்லும் அழகாக இருந்திருக்கும், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கம்பம் பேருந்து நிலையத்தில், நேரம் குறிப்பவரின் மேஜைமேல் பெட்டி உட்கார்ந்திருந்தது. வாத்தியத்தில் கால் படக் கூடாது என்று நடத்துநரே தூக்கி வைத்துவிட்டுப் போனாராம். யாரோ அதன் தலையில் ஒரு முழம் மல்லிகையும் சாத்தியிருந்தார்கள். ஈப்போவில் தொலைத்திருந்தால் காவல் நிலையத்தில் மூன்று படிவம் நிரப்ப வேண்டியிருந்திருக்கும். இங்கே பூ வைத்துத் திருப்பித் தந்தார்கள்.

அழைத்துப்போக வந்த செல்லத்துரை, பெட்டியைத் தோளில் வாங்கிக்கொண்டார். தலைமுடி கொஞ்சம் குறைந்திருந்தது. சிரிப்பு குறையவில்லை. வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி பேச்சியம்மாள், கருவாட்டுக் குழம்பும் மொச்சையுமாக என் இலையை நிரப்பினார். சாப்பிட்டுப் படுத்தவன் விடிந்துதான் எழுந்தேன்.

இரண்டாம் நாள். காலையில் தெருமுனைக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பன்னிரண்டடி உயர ஃப்ளெக்ஸ் தட்டியில் நான். பள்ளி ஆண்டு மலரிலிருந்து எடுத்த படம். அதிலேயே எனக்கு எதிரே செல்லத்துரை கைகூப்பி நின்றார். கீழே எழுதியிருந்தது: 'குவாசரைக் கண்ணால் கண்ட மலேசிய விஞ்ஞானியே! வருக! வருக!'

வகுப்பில் சொன்னதைக் கடைக்கு வந்த பிள்ளைகள் சொல்லி, அதைச் செல்லத்துரை இருபது வருடமாகப் பத்திரமாக வைத்திருக்கிறார். படத்தில் என் தலைக்குப் பின்னால் வளையத்தோடு ஒரு கிரகம் இருந்தது. ஃப்ளெக்ஸ் கடையில் குவாசர் படம் இல்லையாம், அதனால் சனியைப் போட்டாராம். சனி என் பின்னாலேயே நிற்பது எனக்குப் பொருத்தமாகத்தான் பட்டது.

பொழுது சாய்ந்தது. தோட்டத்தில் திராட்சைப் பந்தலுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும் மோட்டார் ரூமின் தளத்தில்தான் தொலைநோக்கியை வைப்பதாக ஏற்பாடு. அருமையான இடம். கிழக்கே மேகமலை, மேலே முழு வானம். நட்சத்திரம் ஒவ்வொன்றாக வந்தது. ஏழு மணிக்கு எங்கோ ஒரு ஜெனரேட்டர் உறுமியது. தோட்டமே பகலாகிவிட்டது.

தெருமுனையிலிருந்து மோட்டார் ரூம் வரை தென்னைக்குத் தென்னை டியூப் லைட். பந்தல் ஓரமெல்லாம் சீரியல் பல்பு. என் பன்னிரண்டடி முகத்துக்குத் தனியாக ஒரு ஃபோகஸ் லைட். விருந்தாளி வந்த வீடு இருட்டாகக் கிடக்கலாமா என்று ரேடியோ செட்டுக்காரரை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இருட்டைத் தேடிக் கடல் தாண்டி வந்தவனுக்கு இப்படி ஒரு வரவேற்பு. செல்லத்துரையின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துவிட்டு, அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நன்றாக இருக்கிறது என்றேன். ஒரு பொய்யைச் சரிசெய்ய வந்த இடத்தில் இன்னொன்று.

கூடியிருந்தவர்களுக்கு வியாழனைக் காட்டினேன். அதற்கு எந்த வெளிச்சமும் ஒரு பொருட்டில்லை. நான்கு நிலவுகளையும் எண்ணிப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். குவாசர் எப்போது என்று ஒருவர் கேட்டார். நாளைக்கு என்று சொல்லிவிட்டு, அசட்டுச் சிரிப்போடு சாப்பிடப் போனேன். நாட்டுக்கோழிக் குழம்பு. குற்ற உணர்ச்சி பசியைக் கெடுக்கும் என்பதும் பொய்தான்.

மூன்றாம் நாள் காலை பந்தலுக்கடியில் உட்கார்ந்திருந்தேன். கொத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும் பிஞ்சுகளைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுத்தால்தான் மற்றவை பருக்கும். அந்த வேலைக்கு வரும் பெண்களுக்கெல்லாம் பேச்சியம்மாள்தான் தலைவி. அண்ணாந்த கழுத்து அண்ணாந்தபடி, கை ஓடிக்கொண்டே இருந்தது. எதை வெட்டுவது என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். பார்த்தால் தெரியுமே என்றார். எனக்கு எல்லாப் பிஞ்சும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது.

வாத்தியார் ராத்திரி சிரித்த சிரிப்பு சரியில்லையே என்று அவரே ஆரம்பித்தார். நான் விஷயத்தை உடைத்தேன். குவாசருக்கு நான்கு லட்சம் கோடி சூரியன்களின் ஒளி. ஆனால் இருநூறு கோடி வருடத்துக்கும் மேலாகப் பயணம் செய்து வந்து சேர்வது ஒரு துளிதான். அந்த ஒளி கிளம்பியபோது பூமியில் ஒரு மீன்குஞ்சுகூடக் கிடையாது. அதை ஒரு டியூப் லைட் கொன்றுவிடும்.

"அம்புட்டுத் தூரம் வந்தத வாசல்ல வச்சு நாங்களே வெரட்டிட்டமா?" என்றார் பேச்சியம்மாள். பிறகு, இதைச் சொல்ல ஒரு ராத்திரி வேண்டுமா என்று என்னைக் கடிந்துகொண்டு, கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார். கணவரிடம் பேசினாரா, ரேடியோ செட்டுக்காரரிடம் பேசினாரா, தெரியாது. பொழுது இறங்கியபோது ஒரு விளக்கும் எரியவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளும் அணைந்திருந்தன. சாமி ஊர்வலத்துக்கு விளக்குப் போட்டுப் பழகிய ஊர், இந்த ஒரு ராத்திரிக்கு விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தது.

மிச்சம் இருந்தது தெருவிளக்கு ஒன்று. சரியாகத் தோட்டத்தைப் பார்த்து வெள்ளையாக அடித்தது. அதை அணைக்கும் ஆள் கம்பம் டவுனில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கொஞ்ச நேரம் எல்லோரும் யோசித்தார்கள். பிறகு நான்கு பேர் போய் என் ஃப்ளெக்ஸை அவிழ்த்துக் கொண்டுவந்து, இரண்டு தென்னைக்கு நடுவே முதுகு எங்கள் பக்கம் இருக்கும்படி இழுத்துக் கட்டினார்கள். வெளிச்சம் என் முகத்தில் பட்டு அங்கேயே நின்றுவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக என் முகத்தால் வானியலுக்கு ஒரு நன்மை விளைந்தது.

அதன்பிறகு வந்த இருட்டை எப்படிச் சொல்வது? ஈப்போவில் மின்சாரம் போனால்கூட இப்படி வராது. கன்னி ராசி மலைக்கு மேலே நன்றாக ஏறியிருந்தது. வரைபடத்தை வைத்துக்கொண்டு, நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் தாவித் தாவி ஒன்பது மணி சுமாருக்கு அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன். மங்கலான நான்கு நட்சத்திரங்கள் தெரிந்தன. சரியான இடம்தான். ஐந்தாவதாக ஒன்று இருக்க வேண்டும். அதுதான் 3சி 273.

ஐந்தாவது தெரியவில்லை.

கண்ணைத் துடைத்தேன். மூச்சைப் பிடித்தேன். வலது கண், இடது கண். இத்தனை மங்கலானதை நேராகப் பார்க்கக் கூடாது, சற்றுத் தள்ளிப் பார்க்க வேண்டும் என்று பல தடவை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். தள்ளியும் பார்த்தேன். மருத்துவர் போன வருடமே சொன்னார், இரண்டு கண்ணிலும் புரை விழ ஆரம்பித்திருக்கிறது, அவசரமில்லை என்று. அவசரமாகத்தான் இருந்திருக்கிறது. இருபது வருடம் சும்மா இருந்துவிட்டு, கண் மங்கியபிறகு கிளம்பி வந்திருக்கிறேன். அழுகை வரும்போல் இருந்தது.

கீழே இருட்டில் இருபது பேராவது இருப்பார்கள். "சார், பாத்தாச்சா?" என்று செல்லத்துரையின் குரல் வந்தது. பார்த்தாச்சு என்று சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். யாரும் வந்து சரிபார்க்கப் போவதில்லை. அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இன்னும் இல்லை என்றேன். பிஞ்சுக்குப் பிஞ்சு வித்தியாசம் காணும் பேச்சியம்மாளைக் கொஞ்சம் மேலே வரச் சொன்னேன்.

ஏணியில் ஏறி வந்தார். நேராகப் பார்க்காமல் ஓரத்தில் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

"பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளைய பாப்போம்ல, அப்படியா?"

அப்படித்தான் என்றேன். குனிந்தார். ஒரு கண்ணை மூடி, முகத்தை மெல்ல அப்படியும் இப்படியும் திருப்பினார். என்ன தெரிகிறது என்று நான் கேட்கவில்லை. எங்கே இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

"நாலு தெரியுது. அங்கன, ஓரமா, இன்னொண்ணு கெடக்கு. பாத்தா இல்ல. பாக்காட்டி இருக்கு."

காகிதத்தையும் பேனாவையும் கொடுத்து, தெரிந்ததைப் புள்ளி வைக்கச் சொன்னேன். ஐந்து புள்ளி வைத்தார். சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சில் வரைபடத்தோடு ஒப்பிட்டேன். அவர் அந்த வரைபடத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஐந்தாவது புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

எனக்குச் சந்தோஷம். அதைவிடப் பொறாமை, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மறுபடி நான் குனிந்தேன். அரை மணி நேரம் பார்த்தேன். நான்குதான்.

கீழே இறங்கினேன். ஒவ்வொருவராக ஏறிப் பார்த்துவிட்டு வந்தார்கள். சிலருக்குத் தெரிந்தது, சிலர் தெரிந்ததாகச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு செல்லத்துரையையும் பேச்சியம்மாளையும் உட்கார வைத்துச் சொன்னேன்.

"நான் பார்க்கல, செல்லத்துரை. இன்னைக்கும் பார்க்கல, அன்னைக்கும் பார்க்கல. பிள்ளைங்ககிட்ட பொய் சொன்னேன்."

செல்லத்துரை தலையைத் தாழ்த்திக்கொண்டார். ஆறு வருடம் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், எதிரே இருக்கும் வாத்தியாரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஊரில் பன்னிரண்டடி உயரத்தில் நிறுத்தியிருக்கிறார். நான் உடைத்தது என் மானத்தை மட்டும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"அந்த ஃப்ளெக்ஸு அங்கனயே கெடக்கட்டும் சார்," என்றார் கடைசியில். "திருப்பிக் கட்ட வேணாம்."

பேச்சியம்மாள் காய்ச்சிய பாலைக் கொண்டுவந்து வைத்தார். வாத்தியார் என்ன கொலையா செய்துவிட்டார் என்று கணவரிடம் முணுமுணுத்தது மட்டும் காதில் விழுந்தது.

நான்காம் நாள். புறப்படுகிற காலை. பணியாரமும் காரச் சட்னியும் தட்டில் இருந்தன. இரண்டு தின்றுவிட்டு, இதற்குமேல் தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும் என்று மாலினிக்குப் போன் போட்டேன். அங்கே அப்போது விடிந்துகூட இருக்காது. எடுத்தாள். கையில் எண்ணெய் என்பதால் ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். மேடைக்கு வர முடியாது என்று ஆரம்பித்து, முழுவதையும் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் சார்," என்றாள் மாலினி. "அவ்வளவு மங்கலான ஒண்ணு கண்ணுக்கு நீலமா எரியாதுன்னு பல்கலைக்கழகத்துல ரெண்டாம் வருஷமே படிச்சிட்டேன். மேடையில என்ன சொல்லப்போறீங்கன்னு பார்க்கணும்னுதான் கூப்பிட்டேன்."

முப்பது மாணவர்களில் சிரிக்காதவளிடம் மாட்டிக்கொண்டேன் என்று புரிந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. வேறு ஒன்றைச் சொன்னாள். பன்னிரண்டு வருடமாக 3சி 273-ஐ ஆராய்கிறாள். அதிலிருந்து பாய்ந்து நிற்கும் வாயுத் தாரை எத்தனை லட்சம் ஒளியாண்டு நீளம், அதன் ஒளி மாதத்துக்கு மாதம் எப்படிக் கூடிக் குறைகிறது, ஒளியின் வேகத்தில் ஏழில் ஒரு பங்கு வேகத்தில் எப்படி நம்மைவிட்டு விலகுகிறது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. எல்லாமே திரையில் கோடும் எண்ணுமாக. ஒரு தடவைகூட அதைக் கண்ணால் பார்த்ததில்லையாம். அவளோடு வேலை செய்கிறவர்களும் பார்த்ததில்லையாம்.

"நேத்து அங்கே யாராச்சும் பார்த்தாங்களா சார்?"

குரல் மாறியிருந்தது. நான்காம் படிவத்தில் கேட்ட அதே அவசரம் அதில் இருந்தது. நான் போனைப் பேச்சியம்மாள் பக்கம் நகர்த்தினேன். அவர் பணியாரக் குழியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா, நிஜமாவே பார்த்தீங்களா?" என்றாள் மாலினி.

பேச்சியம்மாள் கம்பியால் ஒரு பணியாரத்தைத் திருப்பிவிட்டு, என்னை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தார்.

"பாத்தேன் தாயி. பொய் சொல்ல அதுல என்ன இருக்கு? சின்னதாத்தேன் இருந்துச்சு."